பத்திரிகை ஆபீஸை மறியல் செய்த வக்கீல்

ஆட்சேபணை வக்கீலைப் போல ஒரு மனிதர் வைகைக்கு இந்தக் கரையிலும் பிறந்ததில்லை, அந்தக் கரையிலும் பிறந்ததில்லை. மதுரைக்காரர்கள் பெருமை பேசுவதில் தாராளமானவர்கள்தான். ஆனால் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. உலகம் படைக்கப்பட்டபோது அவர் பக்கத்தில் இருந்திருந்தால் முதல் நாள் வேலையே இன்னும் முடிந்திருக்காது என்பது, அவரோடு பழகிய எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. தல்லாகுளத்தில் அவர் வீட்டு வாசலில் தொங்கிய பலகையில் அது எழுதியும் இருந்தது. ஆனால் தபால்காரரே அதை 'ஆட்சேபணை வக்கீல் வீடு' என்றுதான் சொல்வார். எதிர்க்கட்சி வக்கீல் பேசும்போது எழுந்து ஆட்சேபணை சொல்வது எல்லா வக்கீலும் செய்கிற காரியம். நம்மவர் சொந்தக் கட்சிக்காரர் பேசும்போதும் எழுந்துவிடுவார். ஓர் அடிதடி வழக்கில் அவருடைய கட்சிக்காரர் கூண்டில் ஏறி, "சண்டை நடந்தன்னைக்கு நான் வீட்டுல படுத்துக் கிடந்தேன் சாமி" என்று ஆரம்பித்தார். வக்கீல் விருட்டென்று எழுந்தார்.

"ஆட்சேபணை!"

ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். "ஐயா, அவர் உம்முடைய கட்சிக்காரர்."

"தெரியுங்க. ஆனா என்கிட்ட நேத்துச் சொன்னப்ப, அழகர்கோவிலுக்குப் போயிருந்ததாச் சொன்னார்."

இப்படிப்பட்டவரிடம் எத்தனை கட்சிக்காரர்கள் நிற்பார்கள்? நரைத்துப் பச்சையேறிய கறுப்புக் கோட்டும், ஒரு கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குடையுமாகக் கோர்ட்டுக்குப் போவார். அங்கே பெரும்பாலும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் பாலத்தைக் கடந்து எங்கள் ஆபீஸுக்கு வந்துவிடுவார். நான் அப்போது மேலமாசி வீதியில் ஒரு வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்தேன். வெள்ளைக்காரன் காலம். ஆசிரியர், முதலாளி, விளம்பரம் பிடிப்பவர் எல்லாம் ஒரே ஆள்தான். அவரை முதலாளி என்றே சொல்கிறேன். மாடிப்படிக்குக் கீழே நானும் ஒரு மேஜையும். பின்கட்டில் அச்சு யந்திரமும் அச்சுக் கோப்பவர்களும். வக்கீல் வந்து அந்த வாரப் பத்திரிகையைத் தலைப்பிலிருந்து கடைசி விளம்பரம் வரை படிப்பார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆட்சேபணை சொல்வார். தாது புஷ்டி லேகிய விளம்பரத்துக்கு மட்டும் மூன்று ஆட்சேபணை சொன்னார். முதலாளி காதில் போட்டுக்கொள்ள மாட்டார். காப்பி மட்டும் வரவழைத்துக் கொடுப்பார். "இதைக் காப்பின்னு சொல்றதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுவிட்டு அதையும் வக்கீல் குடித்துவிடுவார்.

அந்தச் சித்திரையில் ஊருக்கு ஒரு நாடகக் கம்பெனி வந்திருந்தது. மூன்றாவது நாள் கம்பெனியின் ஆர்மோனியக்காரர் காணாமல் போனார்.

எங்கள் முதலாளிக்கு முகத்தில் வந்த தேஜஸை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதல் வாரம் 'ஆர்மோனியக்காரர் மாயம்! கொலையா? காதலா? துறவா?' என்று இருக்கிற எழுத்திலேயே பெரிய எழுத்தில் போட்டார். அடுத்த வாரம் ஆர்மோனியப் பெட்டியின் படம். அதற்கடுத்த வாரம், கதாநாயகி அன்று கறுப்புப் புடைவை கட்டியது ஏன் என்று ஆராய்ச்சி. அழகர் ஆற்றில் இறங்கின கூட்டத்தில் அவரை மொட்டைத் தலையோடு பார்த்ததாக ஒருவர் வந்து சொன்னார். சோழவந்தானில் முழுத் தலைமுடியோடு பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். இரண்டையும் போட்டோம். பத்திரிகை கட்டுக் கட்டாகப் போயிற்று. யந்திரம் சூடு தணியவே இல்லை.

அப்படி ஒரு சாயங்காலம் வக்கீல் வந்தபோது தனியாக வரவில்லை. கூட ஓர் அம்மாள். அறுபது வயது இருக்கும். பாம்படம் ஆடும் காது, காலெல்லாம் செம்புழுதி. பெயர் ஒச்சம்மா. பேரையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். போன ஐப்பசி மழையில் அவர்கள் ஊர்க் கண்மாய்க் கரை உடைந்து, வந்த தண்ணீர் வந்த வழியே போய்விட்டது. ஊரே சேர்ந்து மனுக் கொடுத்தும் உடைப்பை அடைக்க ஒருவரும் வரவில்லை. வழக்குப் போடலாமா என்று கேட்கத்தான் ஒச்சம்மா வக்கீலைத் தேடி வந்திருந்தார்.

"வழக்குப் போட்டா உங்க பேரன் காலத்துல தீர்ப்பு வரும்" என்று வக்கீல் உண்மையைச் சொல்லிவிட்டாராம். "அடுத்த மழைக்குள்ள அடைக்கணும்னா, ஊருக்குத் தெரியணும். பேப்பர்ல போடணும். வாங்க."

முதலாளி பொறுமையாகக் கேட்டார். "கம்மாய் உடையறது புதுசா அம்மா? வருஷா வருஷம் எங்கயாவது உடையத்தானே செய்யுது? கடைசிப் பக்கத்துல ரெண்டு வரி போடறேன்."

ஒச்சம்மா மேஜைமேல் கிடந்த பத்திரிகையைப் பார்த்தார். படிக்கத் தெரியாது, ஆர்மோனியப் பெட்டிப் படம் தெரிந்தது.

"இது என்னய்யா?"

"அந்தப் பெட்டியை வாசிக்கிறவர் காணாமப் போயிட்டார்" என்றேன் நான்.

"ஒத்த ஆளு காணாமப் போனதுக்கா இம்புட்டு எழுதியிருக்கீக? எங்க ஊருல பாதிச் சனம் காணாமப் போச்சே. எம் மகனும் மருமகளும் பிள்ளையத் தூக்கிக்கிட்டு மலைக்குத் தேயிலை பறிக்கப் போயிட்டாக. இந்த வருசமும் கம்மாயில தண்ணி நிக்கலைன்னா திரும்பி வரமாட்டாக. அதை யாருய்யா எழுதுறது?"

முதலாளி கெட்டவர் இல்லை. அவர் முகம் ஒரு கணம் மாறிற்று. ஆனால் பின்கட்டிலிருந்து ஒருவர் வந்து, "கதாநாயகி மயக்கம் போட்டு விழுந்துட்டாங்களாம்" என்றதும் எழுந்து ஓடிவிட்டார். கண்மாய்ச் செய்தி அந்த வாரம் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வந்தது. லேகிய விளம்பரம் நீண்டுவிட்டதால் இரண்டு வரி ஒரு வரியாகியிருந்தது.

வக்கீல் ஆட்சேபணை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நாலைந்து நாள் அவரைக் காணோம். பிறகு ஒரு மத்தியானம் ஆபீஸ் வாசலில் ஜட்கா வந்து நின்றது. வக்கீல் இறங்கினார். பின்னாலேயே கழுத்தில் மப்ளர் சுற்றிய ஒரு மனிதர் கூச்சத்தோடு இறங்கினார்.

"இந்தாங்க, உங்க ஆர்மோனியக்காரர்" என்றார் வக்கீல், முதலாளியிடம். "சோழவந்தான்ல தங்கச்சி வீட்டுல பொன்னுக்கு வீங்கி வந்து படுத்திருந்தார். சொல்லிவிடறதுக்கு ஆள் கிடைக்கலையாம். கொலையும் இல்லை, காதலும் இல்லை. இனிமே கம்மாயைப் போடுங்க."

ஆர்மோனியக்காரர் கும்பிட்டார். "என்னைப் பத்தி எழுதுனதெல்லாம் படிச்சேன் சார். ரொம்ப நல்லா இருந்துச்சு."

முதலாளி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். ஆட்டம் முடிந்தது என்று வக்கீல் நினைத்தார், நானும் நினைத்தேன். முதலாளி பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "நிறுத்துங்கப்பா மெஷினை! முதல் பக்கம் மாத்தணும். 'ஆர்மோனியக்காரர் மீண்டார்! மீட்டது யார்? மறைத்தது எது?'"

மறைத்தது மப்ளர் என்று யாரும் எழுதவில்லை. மீண்ட கதை மேலும் மூன்று வாரம் ஓடிற்று.

அதற்குப் பிறகுதான் ஆட்சேபணை வக்கீல் மறியலில் இறங்கினார். கள்ளுக்கடைக்கு முன்னாலும் சீமைத் துணிக்கடைக்கு முன்னாலும் கை கூப்பி நின்று, வாங்க வருபவரைத் தடுக்கிற மறியல் அந்த நாளில் ஊருக்குப் பழக்கமானதுதான். பத்திரிகை ஆபீஸுக்கு முன்னால் மறியலை மதுரை பார்த்ததில்லை. பத்திரிகை வெளிவரும் வெள்ளிக்கிழமை காலையில் கோட்டும் குடையுமாக வந்து எங்கள் வாசலில் நின்றார். வாங்க வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டார்.

"ஐயா, தயவுசெஞ்சு இந்த வாரம் வாங்காதீங்க. இதுல மறுபடியும் கதாநாயகி மயக்கம்தான் இருக்கு, கம்மாய் இல்லை."

"எந்தக் கதாநாயகிண்ணே? எப்ப மயக்கம் போட்டுச்சு?" என்று ஆவலோடு கேட்டு, அதுவரை வாங்க நினைக்காதவர்களும் வாங்கிப் போனார்கள். பத்திரிகையையே மறியல் செய்கிறார்கள் என்றால் உள்ளே என்னவோ இருக்கிறது என்று தெற்குவாசலிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. பத்து மணிக்குக் கட்டு தீர்ந்து மறுபடி அச்சடித்தோம்.

சிவப்புத் தலைப்பாகைக் கான்ஸ்டபிள் ஒருவர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வக்கீல் சார், நீங்க சர்க்காரை எதிர்த்து நிக்கிறீங்களா?"

"இல்லை. பேப்பரை எதிர்த்து."

"பேப்பர்காரரு புகார் குடுத்திருக்காரா?"

உள்ளேயிருந்து முதலாளி ஓடி வந்தார். "ஐயோ, புகாரெல்லாம் இல்லைங்க. அவர் பாட்டுக்கு நிக்கட்டும். வெயில்ல நிக்கிறாரேன்னுதான் கவலையா இருக்கு." அப்படியே ஒரு செம்பு மோரை வக்கீலிடம் நீட்டினார். வக்கீல் மோரைக் குடித்தார். குடித்துவிட்டு, அடுத்து வந்தவரை அதே கும்பிடோடு தடுத்தார். நாலு வெள்ளிக்கிழமை இப்படி நடந்தது. நான்காவது வெள்ளிக்கிழமை முதலாளி அவருக்கு ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை முக்காலி காலியாக இருந்தது.

"எங்கப்பா மறியல் வக்கீல்?" என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். சிலர் அவர் இல்லை என்பதால் பத்திரிகை வாங்காமலே திரும்பிவிட்டார்கள். முதலாளியின் கண்ணில் பழைய தேஜஸ் வந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு ஜட்காவில் தல்லாகுளம் போனார்.

வக்கீலின் வீட்டம்மா வாசலிலேயே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவரை மாமி என்றுதான் நாங்கள் கூப்பிடுவது. முதலாளி உருக்கமான குரலில் கேட்டார்.

"மாமி, வக்கீல் சாரைக் காணலையாமே?"

"யார் சொன்னா? சொல்லிட்டுத்தானே போனார். அந்தக் கம்மாய்க்குப் போயிருக்கார்."

"கம்மாய்க்கா! தண்ணியில கால் வழுக்கி எதுவும்..."

"அதுல தண்ணி இருந்தா இவர் ஏன் போறார்?" என்றார் மாமி. வெங்காயத்தின் காரம் ஏறி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் ஜட்காவிலேயே தலைப்பு உருவாகிக்கொண்டிருந்தது. 'மறியல் வக்கீல் மாயம்! கண்ணீர் வடிக்கும் மனைவி! பேரையூர்க் கண்மாயில் நடந்தது என்ன?' மூன்றும் இருக்கிற எழுத்திலேயே பெரிய எழுத்து. நான் ஆட்சேபித்துப் பார்த்தேன்.

"அவங்க வெங்காயம்ல உரிச்சாங்க?"

"கண்ணீர் வந்துச்சா இல்லையா?" என்றார் முதலாளி. "ராத்திரியே தனித்தாள் அடிச்சிருவோம். விடிஞ்சதும் நீ ஒண்ணை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. முதல் பஸ்ஸைப் பிடி. அவர் எங்க, எப்படி, என்ன கதின்னு எழுதிக் கொண்டா."

பேரையூர் பஸ் என்னை இறக்கிவிட்ட இடத்திலிருந்து மாட்டுவண்டித் தடத்தில் நடந்தேன். இருபுறமும் நிலம் வெடித்து வாய் பிளந்து கிடந்தது. பல வீடுகளின் கதவில் பூட்டு. உடை முள்மரங்களுக்கு அப்பால் கண்மாய் தெரிந்தது. அதற்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கரையில் ஒரு வீடு நுழைகிற அகலத்துக்கு உடைப்பு. அந்த உடைப்புக்குள், கோட்டைக் கழற்றிக் கருவேலங்கிளையில் மாட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் மண்கூடையோடு ஆட்சேபணை வக்கீல் வந்துகொண்டிருந்தார். கூட ஒச்சம்மாவும், ஊரில் மிஞ்சியிருந்த கிழவர் கிழவிகளும், பத்துப் பதினைந்து பெண்களும். கூடை கூடையாகக் கொட்டிய மண் உடைப்பின் ஓரத்தில் ஒரு சின்ன மேடாகத்தான் உயர்ந்திருந்தது.

பத்திரிகையை நீட்டினேன். வக்கீல் நின்றபடியே படித்தார். முகம் சிவந்தது.

"நான் எங்கய்யா மாயமானேன்? இதுக்கு உடனே மறுப்பு எழுதணும். நீ எழுதிக்க. ஆட்சேபணை ஒண்ணு..."

"என்னய்யா போட்டிருக்கு?" என்று ஒச்சம்மா கேட்டார். நான் படித்துக் காட்டினேன். கண்மாய் என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்தி, இரண்டாம் தரம் படிக்கச் சொன்னார்.

"எங்க கம்மா பேரு அம்புட்டுப் பெரிய எழுத்துலயா இருக்கு?"

"ஆமா ஆத்தா."

ஒச்சம்மா கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார். பிறகு வக்கீலிடம் திரும்பினார். "வக்கீலய்யா, நீங்க மறுப்புக் கிறுப்புன்னு ஒண்ணும் எழுதாதீக. பேசாம இன்னுங் கொஞ்ச நாளைக்குக் காணாமப் போயிருங்க."

"அது பொய்யில்லையா?"

"நீங்க பொய் சொல்ல வேணாம். வாயைத் தொறக்காம மண்ணுச் சுமங்க. வாரவுகளை நான் பாத்துக்கிறேன்."

என் அறிவுக்கு எட்டியவரை, ஆட்சேபணை வக்கீல் வாழ்க்கையில் ஆட்சேபிக்காமல் கேட்டுக்கொண்ட முதல் உத்தரவு அதுதான். கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலையிலிருந்து ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். மாயமான வக்கீலின் கதியைப் பார்க்கப் பேரையூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மதுரையிலிருந்து ஒரு முழு பஸ்ஸே வந்தது. எங்கள் நாடகக் கம்பெனி ஆர்மோனியக்காரரும் அதில் வந்திருந்தார். காணாமல் போகிற விஷயத்தில் தமக்கு அனுபவம் உண்டு என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கரையடியில் ஒச்சம்மா நின்று வரவேற்றார்.

"வக்கீலைப் பாக்கணுமா? அங்கிட்டு, கரை முனையிலதான் இருக்காரு. போங்க, போங்க. சும்மா வெறுங்கையோட போகாதீக. ஆளுக்கொரு கூடை எடுத்துக்கிட்டுப் போங்க."

"கூடை எதுக்கு ஆத்தா?"

"அந்தப் பக்கம் மண்ணுக் குறையுதுல்ல? கொட்டிட்டு அப்படியே பாத்துட்டு வாங்க."

பார்க்க வந்த ஆவலில் ஒருவர்கூட மறுக்கவில்லை. சில்க் ஜிப்பா போட்ட ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மூன்று தரம் கூடை சுமந்தார். முதல் இரண்டு தரமும் வக்கீல் குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லையாம். ஆர்மோனியக்காரர் கரைமேல் நின்று பாட்டுப் பாட, பெண்கள் வேகம் பிடித்து மண் கொட்டினார்கள். கண்மாய்க்குள் அவ்வளவு ஜனம் என்ற செய்தி மேலே எங்கேயோ எட்டி, கலகமோ என்று விசாரிக்க ஓர் அதிகாரி காக்கிக் கால்சராயோடு குதிரைமேல் வந்து இறங்கினார். ஒச்சம்மா வழக்கம்போலக் கூடையை நீட்டினார். அந்த அதிகாரி நல்ல மனிதர். சிரித்துவிட்டார். கரைமேல் நடந்து உடைப்பை எட்டிப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை.

"வெறும் மண்ணுல நிக்காதே. கல்லுக் கட்டணுமே" என்றார்.

அந்த இடத்தில் வக்கீல் வாய் திறந்தார். மனு எப்போது கொடுத்தது, யாரிடம் போயிற்று, ஏன் நின்றது என்று கோட்டில்லாமல், செம்மண் பூசிய முகத்தோடு வாதாடினார். கோர்ட்டில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு தரம்கூட ஆட்சேபணை என்று சொல்லவில்லை. அதிகாரி கடைசிவரை நின்று கேட்டார். ஆவணி பிறப்பதற்குள் கல் வந்தது, கொத்தனார் வந்தார், மடையும் புதிதாயிற்று.

இதனால் எங்கள் பத்திரிகை திருந்திவிட்டது என்று சொன்னால் வக்கீலின் ஆவி வந்து ஆட்சேபிக்கும். அதே ஆவணியில் திருப்பரங்குன்றத்தில் இரண்டு தலைக் கன்றுக்குட்டி பிறந்ததாக ஒரு வதந்தி வந்தது. முதல் பக்கம் அதற்குப் போய்விட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் முக்காலியில் உட்கார்ந்திருந்த வக்கீலைப் பார்த்து முதலாளி மாடிப்படியில் தயங்கி நின்றார். பிறகு என் மேஜைக்கு வந்து, "தம்பி, மூணாம் பக்கத்துல வாரா வாரம் அரைப் பத்தி உனக்கு. எந்த ஊருல என்ன குறைன்னு எழுது. லேகியத்தை நான் சுருக்கிக்கிறேன்" என்றார். அரைப் பத்தி கிடைத்ததும் மறியல் நிற்கும் என்று நினைத்தேன். அந்தப் பக்கத்தின் மீதி ஒன்றரைப் பத்திக்காக வக்கீல் தொடர்ந்து நின்றார். மோரும் தொடர்ந்து போயிற்று.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்து ஓய்ந்த மறுநாள் வக்கீல் என்னைப் பார்க்க வந்தார். "தம்பி, வாரியா? போய்ப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை.

கண்மாய் நிறைந்திருந்தது. கரைக்குக் கரை செந்தண்ணீர். கல் கட்டிய இடத்தில் அலை வந்து வந்து மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. ஒச்சம்மா அங்கே இல்லை. மலையிலிருந்து மகனும் மருமகளும் திரும்பியிருந்தார்கள். எல்லாருமாக வயலில் இறங்கியிருந்தார்கள். தூரத்தில் வரப்பின்மேல் ஒரு குழந்தை உட்கார்ந்து கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது.

வக்கீல் செருப்பைக் கழற்றிவிட்டு மடைப்படியில் இறங்கி, கணுக்கால் நனைய நின்றார். ஒரு கை தண்ணீர் அள்ளினார், விரலிடுக்கில் அது ஒழுகுவதைப் பார்த்தார், மறுபடி அள்ளினார். அப்படியே நின்றுகொண்டிருந்தார். வெயில் சாய்ந்து தண்ணீர் முழுதும் மஞ்சளாகிவிட்டது.

உடைமரங்களுக்கு அப்பால் மதுரைக்குப் போகிற கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. செருப்பைக் கழற்றி அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நானும் தண்ணீரில் இறங்கினேன்.